பெண் பார்க்க வந்த நாளில் ஒரு ஸ்பகெட்டி

சமைக்கத் தெரியாதவர்களால் உலகத்துக்கு ஆபத்தே கிடையாது. பசித்தால் ஓட்டலில் வாங்கி வந்துவிடுவார்கள். நன்றாகச் சமைக்கத் தெரிந்தவர்களாலும் ஆபத்தில்லை. இரண்டுக்கும் நடுவில், நாலு வீடியோ பார்த்துவிட்டு இடுப்பில் துப்பட்டாவைச் சொருகிக்கொண்டு அடுப்படிக்குள் நுழைகிற ஒரு கூட்டம் இருக்கிறதே, அதனிடம்தான் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். இருபத்தாறு வயதில் நான் அந்தக் கூட்டத்தின் தலைவி. (சும்மா இல்லை, ஏப்ரன் எல்லாம் வாங்கியிருந்தேன்.)

அப்போது நான் ஆவடியில், பாதுகாப்புத் தொழிற்சாலை ஊழியர்களுக்கான குவார்ட்டர்ஸில் அப்பா அம்மாவோடு இருந்தேன். அப்பாவுக்குத் தொழிற்சாலையில் பவுண்டரி செக்‌ஷன். சொந்த ஊர் திருநெல்வேலிப் பக்கம். குவார்ட்டர்ஸில் எல்லா ஜில்லாவும் உண்டு. பக்கத்து வீட்டுச் சாந்தாமணி அக்கா கோயம்புத்தூர், எதிர்வீடு வேலூர், மாடி ராமநாதபுரம். எனக்கு வேலை அம்பத்தூர் எஸ்டேட்டை ஒட்டி மண்ணூர்பேட்டையில் ஒரு சின்னக் கம்பெனியில். அங்கேயே வேலை பார்த்த பிரபுவும் நானும் காதலித்துக்கொண்டிருந்தோம். என் வீட்டில் விஷயம் தெரியும். அம்மா ஒரு வாரம் பேசாமல் இருந்துவிட்டு, பையன் போட்டோவைப் பார்த்ததும் பேச ஆரம்பித்துவிட்டாள்.

சிக்கல் பிரபுவின் வீட்டில்தான் இருந்தது. நெமிலிச்சேரியில் தலைமுறை தலைமுறையாக விவசாயம் பார்த்த குடும்பம். நிலம் இருந்த இடத்தில் இப்போது லாரி ஷெட்டும் வாடகை வீடுகளும் நிற்கின்றன. சின்ன வயதிலேயே அப்பாவை இழந்த அவனை வளர்த்து ஆளாக்கியவர் அவனுடைய பெரியப்பா. (கல்யாணத்துக்கு முந்தி 'அவன்'தான், கண்டுக்காதீங்க.) அந்த வீட்டில் பெரியப்பா தலையாட்டாமல் பால் பாக்கெட் கலர்கூட மாறாது. அவர் சென்னீர்குப்பத்தில் தெரிந்தவர் வீட்டுப் பெண் ஒன்றை மனதில் வைத்திருந்தார். அங்கே வாக்குக் கொடுத்துவிட்டால் கதை முடிந்தது. கொடுத்த வாக்கை அவர் மாற்றியதாகச் சரித்திரமே இல்லை என்று பிரபு சொல்லியிருந்தான்.

ஆகவே பிரபு விஷயத்தை முதலில் அவன் அம்மாவிடம் சொன்னான். அவர் ரொம்ப யோசித்துவிட்டு, "ஒம் பெரியப்பாகிட்ட நா பேசறேன். அதுக்கு முன்னால அந்தப் பொண்ண ஒரு தபா பாத்துடறேன்டா" என்றாராம். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அவரும் பிரபுவும் மட்டும் சும்மா எங்கள் வீட்டுக்கு வருவது, சாப்பிட்டுவிட்டுப் போவது என்று ஏற்பாடானது. அவர் மனதில் இடம் பிடித்துவிட்டால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று என்று நான் கணக்குப் போட்டேன். (பாதிக் கிணறு தாண்டினால் உள்ளேதானே விழ வேண்டும் என்று அப்போது தோன்றவில்லை.)

"உங்க அம்மாவுக்கு என்ன சாப்பாடு பிடிக்கும்?" என்று பிரபுவைக் கேட்டேன்.

"அம்மாவுக்கா?" என்று இழுத்தான். பெற்ற தாய்க்கு என்ன பிடிக்கும் என்று தெரியாத முகம் எப்படி இருக்கும் என்பதை அன்றைக்குத்தான் பார்த்தேன். "பெரியப்பாவுக்குப் புடிச்சதைத்தான் அதுவும் துன்னும்" என்றான். அப்புறம் திடீரென்று ஞாபகம் வந்துவிட்டது.

"ஒரு தபா டிவில பாத்துச்சு. வெள்ளக்காரங்க குடும்பமா சுத்தி உக்காந்துகினு, நூடுல்ஸ் மாதிரி நீளமா, அது மேல கறிக்கொழம்ப ஊத்தித் துன்னாங்க. 'அது எப்டிடா கீது டேஸ்ட்டு?'ன்னு கேட்டுச்சு. வாங்கித் தரணும்னு நெனச்சிகினே கீறேன்."

"எப்ப கேட்டாங்க?"

"நா காலேஜ் படிக்கசொல்ல."

எனக்கு நெஞ்சு கரைந்துவிட்டது. அத்தனை வருஷமாக ஒரு பொம்பளையின் ஆசையை நினைத்துக்கொண்டே இருந்திருக்கிறான் மகராசன். அந்த நிமிஷமே முடிவெடுத்தேன். வருங்கால மாமியாருக்கு என் கையால் ஸ்பகெட்டி. கடையில் வாங்கும் சாஸ் இல்லை. கொத்துக்கறி போட்டு, மசாலா போட்டு, மணிக்கணக்கில் சிறுதீயில் கொதித்துச் சுண்டுகிற அசல் கறிச்சாறு. அதுவரை நான் சொந்தமாகச் சமைத்திருந்தது உப்புமா. அதுவும் ரவை உப்புமா இல்லை, சேமியா உப்புமா. அதிலிருந்து ஸ்பகெட்டி ஒரு எட்டுதான் என்று நினைத்தேன்.

ஞாயிறு காலை அப்பா கறிக்கடையில் நின்று ஆட்டுக்கறியைக் கொத்தி வாங்கி வந்தார். நான் வெங்காயம், பூண்டு, கேரட் எல்லாவற்றையும் கடுகு அளவுக்கு நறுக்கினேன். வீடியோவில் ஒயின் ஊற்றச் சொன்னார்கள். அப்பாவிடம் ஒயின் கேட்டால் வேறு விசாரணை ஆரம்பிக்கும் என்று கறுப்புத் திராட்சை ஜூஸ் ஊற்றினேன். அம்மா பின்னால் நின்று பார்த்துக்கொண்டே இருந்தாள். நான் போன் எடுக்கத் திரும்பிய ஒவ்வொரு தடவையும் பாத்திரத்துக்குள் ஏதாவது விழுந்தது. பட்டை, கிராம்பு, சோம்பு, ஊரிலிருந்து வரும் அம்மாவின் கறிமசாலாப் பொடி.

"இது இத்தாலி சாப்பாடும்மா!"

"கறிக்கு இத்தாலி என்னட்டி, திருநேலி என்ன? கவிச்சி போவாண்டாமா?"

தக்காளி கரைந்து எண்ணெய் பிரிந்ததும் அம்மா அடுப்பை அணைக்கப் போனாள். நான் கையைப் பிடித்துவிட்டேன். "இனிமேதான் ஆரம்பம். மூணு மணி நேரம் சிம்ல கொதிக்கணும்."

"மூணு மணி நேரமா? குக்கர்ல வச்சா அஞ்சு விசில்ல முடிஞ்சிரும். கேஸு என்னத்துக்கு ஆவும்?"

ஹாலில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த அப்பா தலையை நீட்டினார். "மூணு மணி நேரமா? அதுக்குள்ள எங்க பவுண்டரில இரும்பே உருகிருமே ஏட்டி."

நான் அசையவில்லை. அகப்பையும் கையுமாக அடுப்புக்குக் காவல் நின்றேன். ஸ்பகெட்டியையும் அப்போதே அவித்து வடித்து வைத்துவிட்டேன். பரீட்சைக்கு முதல் நாளே எல்லாப் பாடத்தையும் முடித்துவிட்ட மாதிரி ஒரு திமிர். வீடு முழுக்கக் கறி மணம். மாடி வீட்டு ராமநாதபுரத்துக்காரர் படியிறங்கும்போது நின்று, "என்ன சார் விசேஷம்?" என்று கேட்டுவிட்டுப் போனார். அப்பாவுக்குப் பெருமை தாங்கவில்லை.

மத்தியானச் சாப்பாட்டுக்கு அப்புறம் பிரபுவிடமிருந்து போன் வந்தது.

"செல்வி, ஒரு சின்ன சேஞ்சு. பெரியப்பாவுக்கு விஷயம் தெரிஞ்சிடுச்சி."

"திட்டினாரா?"

"திட்டல. அம்மா அழுதுச்சி. உடனே காலண்டரப் பாத்தாரு. 'இன்னிக்கு நல்ல நாளாத்தான் கீது. போறதுதான் போறோம், மொறையா போயி பாத்துடலாம். புடிக்கலன்னா இன்னிக்கே முடிச்சிடு, நாளைக்கு நான் சென்னீர்குப்பத்துக்கு வாக்கு குடுத்துடுவேன்'னு சொல்லிட்டாரு. பூ, பழம், வெத்தல பாக்கு எல்லாம் எடுத்துகினு வர்றோம். பொண்ணு பாக்கற மாதிரி."

"பிரபு, கறி அடுப்புல கொதிக்குது."

"அத்த எறக்கி எங்கனா ஒளிச்சி வெய்யி" என்றான்.

"பாத்திரத்த ஒளிச்சு வைக்கலாம். வாசனைய எங்க ஒளிச்சு வைக்கிறது?"

இதில் என்ன பிரச்சினை என்று வெளியூர்க்காரர்கள் கேட்கலாம். எங்கள் பக்கமும் சரி, அவர்கள் பக்கமும் சரி, கறி தின்னாத ஆள் கிடையாது. ஆனால் சம்பந்தம் பேசுகிற வீட்டில் அன்றைக்குக் கவிச்சி ஆகாது. கேசரி, பஜ்ஜி, காபி, அவ்வளவுதான். இன்னொன்றும் உண்டு. பேச்சு முடிவாகும்வரை அந்த வீட்டில் கை நனைக்கக் கூடாது. அதாவது பலகாரம் கொறிக்கலாம், காபி குடிக்கலாம்; தட்டில் கைவைத்துப் பிசைந்து சாப்பாடு சாப்பிடக் கூடாது. சாப்பிட்டுவிட்டால் சம்மதம் சொன்ன மாதிரி. சாப்பிட்ட வீட்டில் வேண்டாம் என்று சொல்வது மரியாதை இல்லை. இவ்வளவு சட்டம் இருக்கிற இடத்தில் நான் காலையிலிருந்து ஆட்டைக் கொதிக்கவிட்டுக்கொண்டிருந்தேன்.

விஷயத்தைச் சொன்னதும் அம்மா தலையில் கைவைத்து உட்கார்ந்தாள். ஒரு நொடிதான். அடுத்த நொடி எழுந்து ரவையை வறுக்க ஆரம்பித்துவிட்டாள். அப்பாவை வாழைக்காய் வாங்க விரட்டினாள். மின்விசிறிகள் எல்லாம் சுற்றின, ஜன்னல்கள் எல்லாம் திறந்தன. அப்பா வந்ததும் வராததுமாகச் சாம்பிராணி போட்டார். வாசனை போகவில்லை. சாம்பிராணியும் ஆட்டுக்கறியும் சேர்ந்து, குலசாமி கோயிலில் கிடா வெட்டிப் பொங்கல் வைத்த மாதிரி ஆகிவிட்டது.

"அந்தச் சட்டியக் கொண்டு போயி எங்கயாது கொட்டுட்டி!" என்றாள் அம்மா.

கொட்டுவதா? இன்னும் ஒரு மணி நேரம் கொதிக்க வேண்டிய பொருளை? கல்யாணமே கையைவிட்டுப் போகும் நேரத்தில்கூட எனக்கு அந்த வீடியோக்காரர் சொன்னதுதான் வேதம். (அடிச்சிருக்கணும் என்னை.) சட்டியைத் துணி சுற்றிப் பிடித்துக்கொண்டு பக்கத்து வீட்டுக்கு ஓடினேன்.

"அக்கா, இத உங்க அடுப்புல வச்சுக்கோங்க. சிம்லயே இருக்கட்டும். அணைச்சிடாதீங்க."

சாந்தாமணி அக்கா மூடியைத் திறந்து மோந்து பார்த்தார். "தாராளமா வெய்யி கண்ணு. நான் பாத்துக்கறேன்" என்றார். நல்ல மனுஷி. ஆனால் எதற்காக இந்தச் சட்டி வீடு மாறுகிறது என்று நான் சொல்லவும் இல்லை, அவர் கேட்கவும் இல்லை.

குளித்து, பட்டுச்சேலை கட்டி, மல்லிகைப்பூ வைத்துக்கொண்டு கண்ணாடி முன்னால் நின்றேன். தலைமுடியை மோந்து பார்த்தேன். முன்னால் மல்லிகை, பின்னால் மட்டன். அழுகை வந்தது. மை கலைந்துவிடும் என்று அதையும் அடக்கிக்கொண்டேன்.

அவர்கள் வந்தார்கள். பெரியப்பா வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, நெற்றியில் பட்டை விபூதி. உட்காரும்போதே நாற்காலியைச் சோதிப்பதுபோல் ஒரு முறை அசைத்துப் பார்த்துவிட்டு உட்கார்ந்தார். பிரபுவின் அம்மா பின்னால் பூத்தட்டோடு வந்து ஓரமாக நின்றார். மெலிந்த முகம். கணவரின் அண்ணன் எதிரில் உட்காரும் பழக்கம் அவருக்கு இல்லை போலிருக்கிறது. அம்மா மூன்று தடவை சொன்ன பிறகு பாய்விளிம்பில் உட்கார்ந்தார். பிரபு என்னைப் பார்க்கவே இல்லை. சுவரில் இருந்த கடிகாரத்தோடு குடும்பம் நடத்திக்கொண்டிருந்தான்.

நான் கேசரித் தட்டோடு வந்து கும்பிட்டேன். பெரியப்பா என்னை ஒரு முறை பார்த்தார். அப்புறம் மூக்கை லேசாகத் தூக்கினார்.

"இன்னா சார், கறி வாசன அடிக்குது?"

அப்பா வாழ்நாளில் பொய் சொல்லிப் பழகாதவர். அதனால் அவருக்கு அளவு தெரியாது. "பக்கத்து வீட்லங்க. அவங்க எப்பமும் இப்படித்தான். ஞாயித்துக்கெழம வந்தா போதும், சுத்துப்பட்டு யாரும் இருக்க முடியாது. நாங்கள்லாம் இன்னைக்கு சுத்த சைவம்லா!" என்றார். சும்மா இருந்திருக்கலாம். கையை வேறு ஆட்டிக் காட்டினார்.

"அப்டியா? எங்க பக்கத்துலயும் ஒருத்தன் கீறான் இப்டி" என்று பெரியப்பா கேசரியில் ஸ்பூனை வைத்தார். எனக்கு மூச்சு வந்தது.

சரியாக அப்போது வாசல் கதவைத் தள்ளிக்கொண்டு சாந்தாமணி அக்கா ஓடி வந்தார். கையில் கரித்துணி, முகமெல்லாம் வியர்வை.

"ஏனுங்க சார், உங்க கறி அடி புடிக்குதுங்க! நான் எறக்கிட்டனுங்க. மேலாக்க இருக்கறத வேற ஏனத்துல மாத்தி வெச்சிருக்கறன். வீணாப் போகலீங்க, பயப்படாதீங்க!"

அக்கா பூத்தட்டைப் பார்த்தார், பட்டுச்சேலையைப் பார்த்தார், நாக்கைக் கடித்துக்கொண்டார். அப்பா தரையில் எதையோ தேடினார். அப்படியே பூமி பிளந்து ஆவடி ரயில்வே ஸ்டேஷன் வரைக்கும் என்னை இழுத்துக்கொண்டு போனால் தேவலை என்று இருந்தது எனக்கு.

பெரியப்பா கேசரித் தட்டைக் கீழே வைத்தார். "நல்ல காரியம் பேச வர்றோம்னு சொல்லி அனுப்சிருக்கோம். கறி ஆக்கி வெச்சிகினு, அதுக்கு ஒரு பொய்யி வேற. இன்னா சார் இது?" குரலை உயர்த்தவே இல்லை. அதுதான் பயமாக இருந்தது. "பிரபு, எந்திரி."

பிரபு எழுந்தான். அவன் முகத்தைப் பார்த்ததும் எனக்குள் ஏதோ உடைந்தது. வெட்கம், மானம் எல்லாம் போய்விட்டது. நேராக அவன் அம்மாவைப் பார்த்துப் பேசினேன்.

"அப்பாமேல தப்பில்லங்க. நான்தான் சமைச்சேன். நீங்க மொறையா வரப்போறீங்கன்னு அப்பத் தெரியாது. உங்களுக்காகத்தான் சமைச்சேன். நூடுல்ஸ் மாதிரி நீளமா, கறிக்கொழம்பு ஊத்தி... டிவில பாத்து எப்படி இருக்கும்னு கேட்டீங்களாமே. அதுதான் அத்தே. காலையிலேருந்து கொதிக்குது."

'அத்தே' என்று வாயில் வந்துவிட்டது. சொல்லிய பிறகுதான் அதிகப்பிரசங்கித்தனம் என்று தெரிந்தது.

அவர் மகனைத் திரும்பிப் பார்த்தார். "நான் எப்பவோ கேட்டதுடா அது" என்றார். "ஞாபகம் வெச்சிகினு கீறியா?" அவர் கண் நிறைந்துவிட்டது. பூத்தட்டை மடியிலிருந்து இறக்கிப் பக்கத்தில் வைத்தார். "மாமா, நான் துன்னுட்டு வர்றேன்."

"இன்னா பேசற? முடிவாவாத ஊட்ல கை நனைக்கறதா?"

"அத ஸ்பூன்ல துன்னுவாங்க மாமா. டிவில பாத்தேன். கை எங்க நனையப் போவுது?"

பெரியப்பா அசந்துபோனார். அத்தனை வருஷத்தில் அந்த அம்மா அவரிடம் பதில் பேசியதே அதுதான் முதல் முறை என்று பிரபு பின்னால் சொன்னான். பெரியப்பா நீதிபதி மாதிரி மோவாயைத் தடவி யோசித்தார். சட்டத்தில் ஓட்டை இருப்பது அவருக்கே தெரிந்துவிட்டது. "ஸ்பூன்ல துன்னா அது பலகாரக் கணக்குதான்" என்று தீர்ப்புச் சொன்னார். "துன்னுட்டு வா. நான் இப்டிக்கா உக்காந்துனு கீறேன்."

நான் சமையலறைக்குப் பறந்தேன். காலையில் அவித்து வைத்த ஸ்பகெட்டிப் பாத்திரத்தைத் திறந்தேன். அது இப்போது ஒரே பிண்டமாக இருந்தது. கரண்டியைக் குத்தித் தூக்கினால் மொத்தமும் எழுந்து வந்தது. நான் அப்படியே நின்றுவிட்டேன். அம்மா என்னைத் தள்ளிவிட்டு நல்லெண்ணெய்ப் பாட்டிலைக் கவிழ்த்தாள். இடியாப்பத்துக்கு விடுகிற அளவு இல்லை, தலைக்குத் தேய்க்கிற அளவு. பிசறி உதறியதும் அத்தனை இழையும் தனித்தனியாகப் பிரிந்து பளபளத்தது. அப்பாவுக்குத் தொழிற்சாலை விழா ஒன்றில் கொடுத்த கரண்டி செட், ஜிகினாத்தாள்கூடப் பிரிக்காமல் பீரோமேல் கிடந்தது. அதிலிருந்து முள்கரண்டிகள் வெளியே வந்தன. சாந்தாமணி அக்கா கறிச்சாற்றைக் கொண்டுவந்து கொடுத்தார். அடிபிடித்ததில் லேசாகப் புகைவாசம். அதுவும் மோசமாக இல்லை.

அத்தைக்கு ஒரு தட்டு வைத்தேன். அம்மா சும்மா இருக்காமல், பெரியப்பா முன்னாலும் ஒரு தட்டு வைத்துவிட்டாள். பெரியவரை விட்டுவிட்டு எப்படி ஒருவருக்கு மட்டும் வைப்பது என்பது அவளுடைய நியாயம். "வோணாம்மா" என்றார் பெரியப்பா. தட்டைத் தள்ளி மட்டும் வைக்கவில்லை.

அத்தை பொறுமையானவர். முள்கரண்டியில் நாலு இழையை மட்டும் மெதுவாகச் சுற்றி, குனிந்து, வாயில் வைத்தார். கண்ணை மூடிக்கொண்டார். இன்னொரு வாய் சுற்ற ஆரம்பித்தார். நான் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றேன்.

கறி மணம் ஒரு மனிதனை எவ்வளவு நேரம் சும்மா விடும்? பெரியப்பா கையில் முள்கரண்டியை எடுத்தார். களைக்கொத்தைப் பிடிக்கிற மாதிரிப் பிடித்தார். "டேஸ்ட்டு மட்டும் பாத்துடறேன்" என்று பொதுவாக அறிவித்துவிட்டுக் குத்தித் தூக்கினார். வாய்க்குப் பக்கத்தில் வரும்வரை இருந்தது. வாய் திறந்ததும் வழுக்கித் தட்டில் விழுந்தது. மறுபடியும் தூக்கினார், மறுபடியும் வழுக்கியது. அவ்வளவு நல்லெண்ணெயில் பாம்பே வழுக்கும், ஸ்பகெட்டி எம்மாத்திரம்? பெரியப்பாவுக்கு ரோஷம் வந்துவிட்டது. மூன்றாவது தடவை ஒரு பெரிய கொத்தாகத் தூக்கினார். அது முள்கரண்டியிலிருந்து நழுவி, சிவப்புச் சாறு சொட்டச் சொட்ட, அந்த வெள்ளை வேட்டியை நோக்கிக் கிளம்பியது.

அவர் முள்கரண்டியைப் போட்டுவிட்டு வலது கையால் லபக்கென்று பிடித்தார்.

வேட்டி தப்பியது. ஆனால் பிடித்த கைக்குத் தன் வேலை தெரியுமே! நேராகத் தட்டுக்குப் போனது. சாற்றோடு சேர்த்துப் பிசைந்தது, உருட்டியது, வாய்க்குக் கொண்டுபோனது. பெரியப்பா மென்றார். புருவம் உயர்ந்தது. அடுத்த உருண்டை. அதற்கடுத்த உருண்டை. எலும்பில்லாத கறியில் எதையோ தேடி விரலை வேறு சப்பினார். சுற்றி இத்தனை பேர் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கிறோம் என்ற நினைப்பே அவருக்கு இல்லை.

"ஏனுங்..." என்றார் வாசலில் நின்ற சாந்தாமணி அக்கா. அந்த அம்மாவுக்கு எதையும் மனதில் வைத்துக்கொள்ளவே தெரியாது. "ஐயா கை நனைச்சுப் போட்டாருங்கோ!"

பெரியப்பாவின் கை பாதி வழியில் நின்றது. அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மணிக்கட்டு வரை எண்ணெயும் கறிச்சாறும். மெதுவாகத் தலையைத் தூக்கி அப்பாவைப் பார்த்தார், பிரபுவைப் பார்த்தார், கடைசியாக என்னைப் பார்த்தார். அவர் நினைத்திருந்தால், தவறிப் பட்டது கணக்கில் வராது என்று ஒரே வார்த்தையில் சொல்லியிருக்கலாம். அவர் சட்டம், அவர் தீர்ப்பு. யார் எதிர்த்துக் கேட்டிருக்கப் போகிறோம்?

"மாமா, இப்ப இன்னா பண்றது?" என்று அத்தை மெல்லக் கேட்டார்.

"இன்னா பண்றது?" என்றார் பெரியப்பா. அத்தையின் தட்டைப் பார்த்தார். அது காலியாகியிருந்தது. அவர் முகத்தில் ஏதோ இளகியதை நான் பார்த்தேன். "உனக்குன்னு ஒருத்தி அடுப்பாண்ட நின்னு கீறா. எங்க ஊட்ல யாரு நின்னோம்?" என்றார். அப்புறம் என் பக்கம் தட்டை நீட்டினார். "இன்னும் கொஞ்சம் கொழம்பு ஊத்தும்மா. நூலு போதும்."

எனக்குப் புரியவே இல்லை. குழம்பு ஊற்றிவிட்டு, கரண்டியும் கையுமாக நின்றேன். பிரபு சிரித்துக்கொண்டே அழுதபோதுதான் புரிந்தது. அத்தை எழுந்து வந்து பூவை என் தலையில் வைத்தார். வைக்கும்போது என் முடியை மோந்து பார்த்து, "கறி வாசன நல்லாத்தான் கீது" என்று காதருகே சொன்னார். நான் அந்தக் கணத்தில் அவரைக் கட்டிக்கொண்டு அழுத அழுகையில் மையெல்லாம் அவர் சேலைக்குப் போய்விட்டது.

பெரியப்பா கை கழுவிக்கொண்டு வந்து அப்பாவிடம், "சென்னீர்குப்பத்துக்கு நான் சொல்லிக்கறேன். ஆனா சார், நீ இனிமே பொய்யி மட்டும் சொல்லாத. உனக்கு வரல" என்றார். அப்பா அதை இன்றுவரை ஒரு நற்சான்றிதழ் மாதிரி எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அந்தச் சமையலை நான் எவ்வளவோ தடவை செய்துவிட்டேன். அத்தைக்குத் தோன்றும்போதெல்லாம் செய்வேன். இப்போது அவரே வாய்விட்டுக் கேட்கிறார், அதில் எனக்கு ரொம்பச் சந்தோஷம். எங்கள் வீட்டில் அதற்கு ஸ்பகெட்டி என்று பேர் கிடையாது. 'சம்மதக் கறி' என்றுதான் குழந்தைகள்கூடச் சொல்கின்றன. வீட்டுக்கு யார் புதிதாக வந்தாலும் இந்தக் கதையை ஆரம்பிப்பது பிரபு, நடுவில் பிடுங்கிக்கொள்வது அத்தை, கையைத் தூக்கிக் காட்டி முடித்துவைப்பது பெரியப்பா.

போன வாரம் பெரியப்பா போன் செய்தார். அவருடைய ஒரே மகள் அமுதாவைப் பார்க்க ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளை வீட்டார் வருகிறார்கள். பையன் அவளோடு படித்தவன். இரண்டு பேருக்கும் பிடித்துப்போய்விட்டது. பையனின் தாய்மாமாதான் முறுக்கிக்கொண்டிருக்கிறார். பூந்தமல்லிக்காரர், ரொம்பக் கறாரான ஆள், கூடப் படித்த பழக்கமெல்லாம் கல்யாணத்துக்கு ஆகாது என்கிறாராம்.

"செல்வி, கொழந்த ரெண்டு நாளா சரியா சாப்டலம்மா" என்றார் பெரியப்பா. அந்தக் குரலை நான் அதுவரை கேட்டதில்லை. "நீ வந்து அந்தக் கறிய ஆக்கிடு. ஊடு பூரா வாசன அடிக்கட்டும். எவன் இன்னா சொன்னாலும் நான் பாத்துக்கறேன்."

"சரிங்க மாமா."

"நல்லெண்ணெய கை தூக்கலாவே ஊத்து."

"சரிங்க மாமா."

"அப்பறம், ஊட்ல கீற ஸ்பூனெல்லாம் காலையிலயே எடுத்து எங்கனா வெச்சிப் பூட்டிடு."